வலது பெட்டியில் ஒரு சத்தம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். அப்பா அம்மாவை, அம்மா அப்பாவை, இருவரும் சேர்ந்து என்னை, நான் அத்தையை. பேட்டையில் ஸ்பீக்கர் பெட்டி செய்து கொடுத்த அண்ணாச்சி மேல் வீட்டில் பொதுவான சந்தேகம். இத்தனைக்கும் ஒரு சாமான்கூடக் களவு போகவில்லை. வலது பக்க ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். தச்சநல்லூரில் வாடகை வீடு. சீட்டாட்டம், சினிமா, வெற்றிலை என்று எந்தப் பழக்கமும் இல்லாத மனிதருக்குப் பாட்டு ஒன்றுதான் கிறுக்கு. அதுவும் பாட்டு காதில் விழுந்தால் மட்டும் போதாது, சரியாக விழவேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு மைக்செட்காரரிடம் போய், "கீச்சுன்னு கேக்கு, கொஞ்சம் குறையும் வே" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி இலையில் உட்கார்ந்தவர். அம்மா அந்தக் கல்யாண வீட்டுச் சொந்தங்களின் முகத்தில் பல வருஷம் முழிக்கவில்லை.

வெகுநாள் ஆசைக்குப் பிறகு அவர் ஒரு ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் வாங்கினார். ஸ்பீக்கரைக் கடையில் வாங்க மனசு ஒப்பவில்லை. கடை ஸ்பீக்கர் எல்லாம் தகர டப்பா என்பது அவர் கட்சி. பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியிடம் தானே அளவு போட்டுக் கொடுத்து, இரண்டு பெரிய மரப்பெட்டிகள் செய்து வாங்கினார்.

பெட்டிகள் என் தோள் உயரம் இருந்தன. முன்பக்கம் கறுப்புத் துணி. அதன் கீழே ஒரு வட்டத் துளை. மேளச் சத்தம் கனமாக வருவதற்குப் பெட்டி மூச்சு விடவேண்டும், அதற்கான மூக்கு இது என்று அப்பா விளக்கினார். உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தது. தொட்டால் கை அரிக்கும் என்று முதல் நாளே எனக்கு எச்சரிக்கை. பின்பலகையின் திருகாணிகள்மேல் அண்ணாச்சி தன் பட்டறைச் சீட்டை ஒட்டியிருந்தார்.

"இந்தச் சீல் இருக்கும் மட்டும் நான் பொறுப்பு, சார்வாள். நீங்க கிழிச்சிட்டிய, நீங்கதான் பொறுப்பு" என்றார்.

ஆரம்பத்தில் எல்லாம் பிரமாதமாக இருந்தது. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கும் சமதூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாற்காலியின் கால்கள் நிற்கவேண்டிய இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்திருந்தார். அம்மா தினமும் அதைத் துடைத்துவிடுவாள். அப்பா தினமும் அளந்து மறுபடி குறிப்பார். இதில் இருவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்ததாகவே தோன்றுகிறது.

அப்போதுதான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு மத்தியானம் தகரப் பெட்டியோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன், மதினி" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அத்தைக்கு உடம்பு சுகமில்லை, ஓய்வுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் அத்தை நன்றாகச் சாப்பிட்டாள். பின்வாசலில் என்னோடு பாண்டி ஆடினாள், விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தாள். சுகமில்லாதவர்கள் இப்படி நொண்டியடிக்க மாட்டார்களே என்று எனக்கு அப்போதே ஒரு இது.

அத்தை வந்து கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் தொடங்கியது.

நாதஸ்வரக் கேசட்டில் தவிலின் கனத்த தொப்பிப் பக்கம் அடி விழும்போதெல்லாம், யாரோ சில்லறை போட்ட டப்பாவைப் பைய ஆட்டுவதுபோல, 'ஜிர்ர்' என்று ஒரு ஒலி. அடி நின்றால் அதுவும் நின்றுவிடும். முதல்நாள் அப்பா கேசட்டைச் சந்தேகப்பட்டார். மாற்றிப் போட்டார். எல்லாக் கேசட்டிலும் 'ஜிர்ர்'. பிறகு மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். பிறகு ரயிலை. மதுரைப் பக்கம் போகிற ரயில் வீட்டைக் கொஞ்சம் அதிர வைக்கும். ரயில் இல்லாத நேரத்திலும் சத்தம் வந்ததும் ரயிலை விட்டுவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"பெருக்கும்போது வாரியலால இடிச்சியா?"

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல. உங்க பெட்டிய இடிக்கதுக்குத்தான் விடியக்காலைல எந்திரிக்கேன்."

"இல்ல, சாக்பீஸ தொடைக்கும்போது..."

அம்மா வாரியலை அவர் காலடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அதையும் அப்பா மனதில் வைத்துக்கொண்டார்.

அடுத்து நான். கோலிக்குண்டு, சிலேட்டுக் குச்சி, சாக்லேட் காகிதம் எதையாவது துளைக்குள் போட்டேனா என்று விசாரணை. போடவில்லை என்றேன். அப்பா டார்ச் அடித்துப் பார்த்தார், வெள்ளைப் பஞ்சுதான் தெரிந்தது. கையை விட்டார், மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

"ஏட்டி, உன் கை சின்னதுதான? உள்ள விட்டுத் தடவிப் பாரு" என்றார்.

நான் ஆசையோடு உட்கார்ந்தேன். அத்தை எங்கிருந்தோ ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, உனக்கென்ன கிறுக்கா? கண்ணாடிப் பஞ்சு பச்சப்புள்ள கைல குத்துனா என்ன செய்வ? பூரான் கீரான் கெடந்தா?"

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குப் படவில்லை. ஏனென்றால் என் கையைப் பிடித்திருந்த அத்தையின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. கொஞ்ச நாளாகவே அவள் அந்தக் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு "வேனக்கட்டி" என்றாள். அது ஐப்பசி மாசம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தை எனக்குத் தெரியாமல் பெட்டிக்குள் தின்பண்டம் ஒளித்து வைக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். வேவு பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்தபோது, அத்தை தரையில் ஒருக்களித்து உட்கார்ந்து, வலது பெட்டியின் துளைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை வெடுக்கென்று உருவினாள்.

"பல்லி ஒண்ணு உள்ள போச்சுட்டி."

நேரே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "பல்லி போயிருக்கும்" என்றாள். "அப்பாட்ட போய் இதச் சொல்லிக்கிட்டுத் திரியாத." சுளகு ஒரு தாளத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து அம்மாவும் என் சந்தேகத்துக்குள் வந்துவிட்டாள்.

அப்பா இதற்குள் அதிர்வு என்ற கொள்கைக்கு வந்து சேர்ந்திருந்தார். ஒரு பொருள் ஒலித்தால், அதே சுருதியில் அதிரக்கூடிய இன்னொரு பொருள் எங்கிருந்தாலும் தானும் அதிரும். ஆகவே குற்றவாளி பெட்டி அல்ல, இந்த அறையில் இருக்கும் வேறு ஏதோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலுள்ள எல்லோரையும் கூட்டினார். அம்மா ஸ்டாண்டிலிருந்த பாத்திரங்களை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் பீரோக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்றேன். அத்தைக்குச் சாமி படங்களை ஒதுக்கினார். அவள், "நான் பெட்டியவே பிடிச்சிக்கிடுதேன் அண்ணே" என்று வலது பெட்டியைக் கட்டிக்கொண்டாள். சாமி படங்களை அப்பாவே இரண்டு கையையும் அகல விரித்து அழுத்தியபடி, கால் கட்டைவிரலால் டெக்கைத் தட்டிவிட்டார். தவில் முழங்கியது. நாங்கள் மூச்சு விடாமல் நின்றோம். 'ஜிர்ர்.'

அந்த நேரம் பார்த்துப் பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த எங்கள் நாலு பேரையும் பார்த்துவிட்டு, "நான் பொறவு வாரேன் சார்" என்று போய்விட்டார்.

கடைசியில் எல்லாம் பேட்டை அண்ணாச்சியிடம் வந்து நின்றது. அவர் ஒருநாள் வந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் கேட்டார். "பெட்டிக்குள்ள என்னமோ லூசாயிட்டு. இன்னைக்கே ஆட்டோவுல தூக்கிப் போட்டுக் கொண்டுபோறேன். திறந்து பாத்து சரி செஞ்சு தாரேன்" என்றார். நல்ல பதில்தான். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அண்ணாச்சி ஆட்டோ பார்க்கத் தெருமுனைக்குப் போன இடைவெளியில் அத்தை அப்பாவிடம் வந்தாள்.

"அண்ணே, நீ கூடப் போவியா?"

"எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு."

"அப்பம் அங்கன அவரு திறந்து, உள்ள இருக்க நல்ல சாமான உருவிட்டுப் பழச மாட்டிவிட்டா உனக்கு எப்படித் தெரியும்?"

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகைந்துகொண்டிருந்ததில் அத்தை ஒரே ஊதலில் நெருப்பு மூட்டிவிட்டாள். அண்ணாச்சி ஆட்டோவோடு திரும்பி வந்தபோது அப்பா வாசலை மறித்து நின்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. பொறவு பாப்போம்."

"என்ன சார்வாள், என்னையச் சந்தேகப்படுதியளா?"

"சந்தேகம்லாம் ஒண்ணுமில்ல" என்றார் அப்பா, சந்தேகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத குரலில்.

அத்தனை நாளில் அத்தையைத் தேடி மாமா வரவில்லை. மார்கழி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். சிரித்துக்கொண்டே இருப்பார். கைக்குட்டையை எலியாக முடிந்து கைமேல் ஓடவிடுவார். அன்றைக்கு எனக்கு ஒரு பொம்மை கேமராவும், அப்பாவுக்குப் புது நாதஸ்வரக் கேசட்டும் வாங்கி வந்திருந்தார். அத்தை அடுக்களையை விட்டு வரவில்லை. அப்பாவும் மாமாவும் பொதுவாக மழையைப் பற்றிப் பேசினார்கள், பாபநாசம் அணை நிறைந்ததைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் தீர்ந்ததும் அப்பா வாழையிலை வாங்கக் கடைக்குப் போனார்.

மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அத்த பெட்டிய எங்க வச்சிருக்கா?" என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் என்று காட்டினேன். அவர் மண்டிபோட்டுப் பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறி, மறுபடி மடித்து வைத்தார். தலையணை உறைக்குள் கை விட்டார். அரிசிப் பானையைத் திறந்து முழங்கை வரை துழாவினார். முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "என்ன மாமா தேடுதிய?" என்றேன். "சும்மா, அத்த எனக்கு ஒண்ணு வச்சிருக்கா" என்றார். எனக்கு மறுபடி தின்பண்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கேசட்டைப் போடச் சொன்னார். அப்பாவுக்கு உற்சாகம். தன் பெட்டிகளைக் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டார். நாதஸ்வரம் ஆலாபனை முடித்துத் தவில் உள்ளே வந்தது. 'ஜிர்ர்.' மாமா தலையைச் சாய்த்தார். எழுந்துபோய் வலது பெட்டியின் துளையில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அத்தான், இதுக்குள்ள என்னமோ கெடக்கு."

"அதத்தான நானும் கிளியா கத்துதேன், யாரு கேக்கா?"

"திறந்து பாத்திருவோமா?"

"பாத்திருவோம். மாப்ளே சாட்சிக்கு இருக்கிய. நாளைக்கு அந்த அண்ணாச்சி என்னையக் குத்தஞ்சொல்ல முடியாதுல்லா."

அப்பா திருப்புளியை எடுத்துவந்தார். பெட்டியைத் திருப்பி வைத்து, இத்தனை மாசமாகத் தொடாமல் காத்த சீட்டை நகத்தால் கிழித்தார். முதல் திருகாணி கழன்று தரையில் உருண்டது. நான் அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். அடுத்ததில் திருப்புளியை வைத்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கிணுகிணுவென்று, உலோகத்தோடு உலோகம் உரசுகிற சத்தம்.

மாமாவுக்குக் காப்பி கொண்டுவந்த அத்தை அடுக்களை நிலையைத் தாண்டாமல் நின்றிருந்தாள். அவள் கையில் டபராவும் டம்ளரும் நடுங்கி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. காப்பி கையில் சிந்துவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். முதலில் டம்ளரை. பிறகு அத்தையின் தடித்துச் சிவந்த கையை. பிறகு அவள் முகத்தை. அவள் பின்னால் அம்மா நின்றாள். அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா குனிந்து, என்னிடம் கையை நீட்டினார். நான் திருகாணியைக் கொடுத்தேன். அதைப் பழையபடி முறுக்கினார்.

"வேண்டாம் மாப்ளே. திறந்தா இந்தப் பஞ்சு வீடெல்லாம் பறக்கும். புள்ள இருக்க வீடு."

"நான் பாத்துக்கிடுதேன், இங்கன கொண்டாங்க அத்தான்."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா. உள்ள ஒண்ணுமில்ல. கேசட்டு சரியில்ல, அவ்வளவுதான்."

என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை மாசம் எங்கள் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினார்! "அப்பா, எல்லாக் கேசட்டுலயும் கேக்குதே! பெட்டிக்குள்ளதான் இருக்கு. என் கை உள்ள போகும்ப்பா, நான் எடுத்துத் தரட்டா?" என்று கத்திக்கொண்டே துளைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். மாமா, "கெட்டிக்காரி! உள்ள விடு கைய" என்றார்.

என் சடையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அம்மா. "ஏட்டி, பால் பொங்குது, போய் அடுப்ப அணை! போன்னா போ!" அடுப்பில் பால் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் குரலுக்கு எழுந்து ஓடினேன். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, அப்பா பெட்டியைத் திருப்பிச் சுவரோரம் வைத்துவிட்டு, துளையை மறைத்தாற்போல அதன் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தவில், 'ஜிர்ர்', தவில், 'ஜிர்ர்'.

"அத்தான் காது பெரிய காதுன்னு ஊரே சொல்லுது" என்றார் மாமா. "இது கேக்கலியோ?"

"கேக்கல."

"ஒண்ணுமே கேக்கலியா?"

"ஒண்ணும் கேக்கல மாப்ளே."

மாமா கேசட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காப்பியைத் தொடாமல் செருப்பை மாட்டினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

பெட்டிக்குள் இருந்தது ஒரு சுருக்குப்பை. அதற்குள் அத்தையின் வளையல்களும் நெக்லஸும். அவளுடைய மற்ற நகைகளையெல்லாம் மாமா ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தொலைத்திருந்தார். மிஞ்சியதை இடுப்பில் முடிந்துகொண்டு அவள் பஸ் ஏறியிருந்தாள். அம்மாவுக்கு இது முதலிலேயே தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை மனம் கோணக்கூடாது என்று எடுத்துக் கொடுத்துவிடுவாரோ என்று இருவரும் பயந்திருக்கிறார்கள். இதெல்லாம் நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அத்தையே ஒருநாள் சொல்லித் தெரிந்தது. அந்த ஐந்தாம் வகுப்புக்காரிக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, அப்பா பொய் சொன்னார் என்பதுதான்.

அல்லது அப்பாவுக்குக் காது போய்விட்டது. அதைச் சோதிக்க, அவர் பேப்பர் படிக்கும்போது பின்னால் போய் நின்று ஒரு கரண்டியைக் கீழே போட்டேன். "ஏன்ட்டி கரண்டியப் போடுத?" என்றார் திரும்பாமலே. ஆகவே காது நன்றாகத்தான் இருந்தது. மாமாவைக் கண்டு அப்பா பயந்துவிட்டார் என்று அடுத்த முடிவுக்கு வந்தேன். அந்த வருத்தம் எனக்குக் கொஞ்ச காலம் இருந்தது.

பேட்டை அண்ணாச்சி தன் பேர் கெட்டுவிடக்கூடாது என்று தானாகவே இன்னொரு தடவை வந்தார். அப்பா அவருக்குக் காப்பி கொடுத்து உபசரித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஓடிக்கொண்டிருந்த பாட்டில் தவில் அடி விழ, பெட்டி 'ஜிர்ர்' என்றது. அண்ணாச்சி பெட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். வேறு யாரிடமோ வேலையைக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, முறைத்துக்கொண்டே போனார்.

அப்பா தினமும் சாயந்தரம் அந்தச் சத்தத்தோடேயே பாட்டுக் கேட்டார். சமதூரம் எல்லாம் போயிற்று. வலது பெட்டியை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். தவில் வரும் இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்து, 'ஜிர்ர்' வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தன் பெட்டியை நன்றாகக் கேட்க இத்தனை பாடுபட்டவர் கெட்டதை ஆசையாகக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மறுவருஷம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், அப்பாவும், இடுப்பில் எதையோ முடிந்துகொண்டு அத்தையும், ஒருநாள் டவுனுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தார்கள். மறுநாளே அத்தை பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். தகரப் பெட்டியை அப்பாதான் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம் அவர் திரும்பி வந்து, சட்டையைக் கொடியில் போட்டு, நாதஸ்வரம் வைத்தார். தவில் உள்ளே வந்தது. நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தொப்பி அடி ஒவ்வொன்றும் உருண்டையாக, சுத்தமாக, மழைக்குப் பிறகு கழுவிவிட்ட தெருவைப்போல வந்து விழுந்தது. அப்பா சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். எழுந்துபோய்த் துளையில் காதை வைத்துக் கேட்டார்.

"சரியாயிட்டாப்பா?" என்று துள்ளிக் குதித்தேன்.

"ம். சரியாயிட்டு" என்றார்.

பாட்டு பாதியில் இருக்கும்போதே அணைத்துவிட்டு, விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டார். எத்தனை மாசமாகத் துரத்திய சத்தம்! அது போய்விட்ட நாளில் ஒரு மனிதர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரு ஆளுக்குக் கூடுதலாகப் போட்டிருந்த அரிசியைப் பானையிலிருந்து திரும்ப அள்ளியபடி, "அப்பாவ இப்பம் ஒண்ணும் கேக்காத" என்றாள்.